செம்புத் தண்ணீர்

செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
சித்திரபானு வருஷம், ஆவணி மாதம்.

அன்புள்ள அத்தானுக்கு சீனித்தாய் எழுதுவது.

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாயிருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அது ஒரு இடத்தில் இருப்பதில்லை. நீங்களும் தேவபிரசாதமும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் கீய்ச்சல் வராமல் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்கிற கலவரத்தில் எங்கெங்கோ தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம். தபால் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. தபால்காரர் வரட்டும் என்று வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. நானே தபாலாபீசுக்குப் போய் நிற்கிறேன். அது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. கடைத்தெருப் பெண்பிள்ளை தபாலாபீஸ் வாசலில் நிற்கலாமா என்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்கு வருவேன். மறுநாள் கால் தானாக அங்கேதான் போகிறது.

துறைமுகத்தில் கப்பல் இல்லை. வந்தாலும் பட்டாளத்துக் கப்பல். நம் கடைச் சாமானை வாங்க ஆள் இல்லை. பங்குனியில் கொழும்பில் குண்டு விழுந்தபோது இங்கேயிருந்து உள்நாட்டுக்கு ஓடினவர்களில் பாதிப்பேர் இன்னும் திரும்பவில்லை. குண்டு போட விமானம் வந்தால் ஒளிவதற்கென்று அபாயச் சங்கு ஊதிப் பழக்கம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நம் பிள்ளை செண்பகம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அமலோற்பவம் தினமும் மீன் விற்று முடித்து, காலிப் பெட்டியோடு நம் கடை வாசலுக்கு வந்துவிடுகிறாள். அவள் வீட்டுக்காரர் தேவபிரசாதத்துக்கு எழுதத் தெரியாது. உங்கள் கடிதம் வந்தால்தான் அவளுக்கும் சேதி. பல வருஷமாய் முத்துக்குளிப்பு இல்லை, சங்கு குளிப்பும் சண்டையால் நடக்குமோ நடக்காதோ என்று இருந்த சமயத்தில், தண்ணீர் நிறைந்த சுரங்கத்துக்குள் முங்குவதற்கு ஆள் வேண்டும் என்று சுரங்கக் கம்பெனிக்காரர் உங்களிடம் வந்து கேட்டார். நீங்கள் தேவபிரசாதத்தைக் கூப்பிட்டீர்கள். எப்போதும் அவருக்குக் கயிறு பிடிக்கிற அவள் அண்ணன் கஸ்பார் கொழும்பில் மாட்டிக்கொண்டு வர முடியவில்லை. கயிறு பிடிக்க மச்சான் இல்லாமல் எங்க வீட்டு ஆம்பள தண்ணிக்குள்ள எறங்க மாட்டாக என்று அவள் சொன்னாள். அதற்கு நீங்கள் மாதா கோவில் வாசலில் வைத்து, ஒனக்கு அண்ணன் எடத்துல நான் நிக்கேன், கயித்த நான் பிடிக்கேன் என்றீர்கள். அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. மதினி என்கிறாள். நீங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். முறை இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதிய மலைக்கதையை அவளுக்கு வாசித்தேன். நீங்கள் போயிருக்கிற இடம் ராகிகொண்டா என்றதும் கேப்பை விளைகிற மலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ராகி என்றால் அந்த ஊர்ப் பாஷையில் செம்பு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து மாமா சிரித்தார். எந்த ராஜா காலத்திலோ ஜனங்கள் பச்சைக் கல்லின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு எலி வளை மாதிரி மலையைத் தோண்டியிருக்கிறார்கள். உருக்கிக் கொட்டின கிட்டம் குன்று குன்றாகக் கிடக்கிறது. அதில் இன்றைக்கும் புல் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே ஊறுகிற தண்ணீர் வெளியே போக, மலையடிவாரம் வரை ஒரு வடிகாலும் குடைந்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆதிச்சநல்லூரில் செத்தவர்களைப் புதைத்த தாழிக்குள் கிடைத்த சாமானுக்கெல்லாம் இந்த மாதிரி மலையிலிருந்துதான் செம்பு போயிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்.

அப்புறம் கும்பினிக் காலத்தில் வந்த துரையின் கதை. அவன் பழைய வளையை அகலமாக்கி, கிணறு மாதிரி ஆழத் தோண்டி, உலை கட்டி, நன்றாகச் செம்பு எடுத்தான். வடிகாலில் வந்த செம்புத் தண்ணீர் கீழே வயலுக்குப் பாய்ந்து பயிர் கருகிப்போயிற்று. வயல்காரச் சம்சாரிகள் போய் முறையிட்டார்கள். வடிகாலை அடை என்று உத்தரவாயிற்று. துரை உள்பக்கமாக மரத்தையும் கல்லையும் வைத்து அடைத்தான். அடுத்த மழைக்கு மலைக்குள் இறங்கின தண்ணீருக்குப் போக்கிடமில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மேலே வரவில்லை.

இந்த இடத்தை நான் வாசிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அமலோற்பவம் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி, நாலஞ்சு வரிய முழுங்கிட்டியளே என்றாள். பிறகு வாசித்தேன். கேட்டு முடித்ததும் அவள் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நூறு வருஷமாக மூடிக் கிடந்ததை, சண்டைக்குச் செம்பு வேண்டும் என்று இப்போது திறக்கிறார்கள். இறைக்கிற யந்திரம் போதவில்லை, அதனால் உள்ளே முங்கி வடிகாலின் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் கடைக்காரர், அத்தான். கயிறு பிடிக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லை. தேவபிரசாதத்திடம் கேட்டுக் கேட்டுப் பிடியுங்கள். கயிறு கையில் இருக்கும்போது யாரோடும் பேசாதீர்கள்.

தங்கள்
சீனித்தாய்


தூத்துக்குடி,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. எது முந்தியது என்று தெரியாமல் பிந்தியதை முதலில் வாசித்துவிட்டேன். அதனால் தேவபிரசாதம் எலும்பைத் தொட்டது முதலிலும், அவர் முதல் தடவை இறங்கினது பிறகும் எனக்குத் தெரிய வந்தது.

கடலில் முங்கினால் வெளிச்சம் கூடவே கொஞ்ச தூரம் வரும், இங்கே தலை முங்கினதும் இருட்டு, கையால்தான் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை எழுதியிருந்தீர்கள். தண்ணீர் வாயில் பட்டால் களிம்பு ஏறின செம்பை நக்கினது போல் இருக்கிறதாம். கண் சிவந்து எரிகிறதாம். இதையெல்லாம் அமலோற்பவத்துக்கு ஒரு வரி விடாமல் வாசித்தேன். முழுங்கினால் கண்டுபிடித்துவிடுகிறாள். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு கண்ணுக்கு விடச் சொல்கிறாள்.

வடிகாலின் வாய் அகப்பட்டுவிட்டது என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். மரத்தைத் தடவிக்கொண்டு போன கையில் ஆள் எலும்பு பட்டது, மேலே வந்தவர் இனி நான் எறங்கல அண்ணாச்சி என்றார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில், இரண்டு நாள் போனால் சரியாகிவிடுவார் என்று இருக்கிறது. எப்படிச் சரியாவார்? உங்களுக்குப் பட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

அமலோற்பவம் இதைக் கேட்டதும் நேரே மாதா கோவிலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மலைக்குள் செத்தவர்களுக்குப் பூசை வைக்க வேண்டும் என்று சாமியாரிடம் சொன்னாள். அவர் பெயர்களைக் கேட்டார். பேரு தெரியாது சாமி, மலைக்குள்ள கெடக்கவங்கன்னு வாசிங்க என்றாள். அவர்கள் நம் வேதத்துக்காரர்களா என்று கேட்டார். எங்க வீட்டு ஆளு கை அவங்க மேல பட்டிருக்கு, அது போதும் சாமி என்றாள். ஞாயிற்றுக்கிழமை அப்படியே வாசித்தார். நான் கடைசியில் தூணோரம் நின்று கேட்டேன். கும்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் கும்பிட்டேன்.

அடைப்பு மரத்தில் தேவபிரசாதம் ஒரு சங்கிலியை மாட்டிவிட்டால், மேலேயிருந்து யந்திரத்தால் இழுத்துவிடுவார்கள் என்கிறீர்கள். அத்தான், எனக்குச் சுரங்கம் தெரியாது. ஆனால் தண்ணீர் தெரியும். தாமிரபரணிக் கரையில் மடை திறந்ததைச் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கிடந்த தென்னைமட்டையை எப்படி உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று என்று கண்ணில் நிற்கிறது. அந்த மரம் நூறு வருஷம் தண்ணீரில் ஊறின மரம். சங்கிலியின் பாரத்துக்கே நிற்குமா என்று உங்கள் கம்பெனித் துரையிடம் கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் தேவபிரசாதத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கார்த்திகை பிறந்தால் சங்கு குளிக்க ஆள் எடுப்பார்கள் என்று இங்கே பேச்சு இருக்கிறது. அவருக்குத் தெரிந்த தண்ணீரில் அவர் முங்கட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வடிகால் திறந்தால் அந்தத் தண்ணீர் மறுபடியும் அந்த வயலுக்குத்தானே போகும்? கீழே இப்போதும் சம்சாரிகள் இருக்கிறார்கள்தானே? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு ராத்திரி உறக்கமும் இல்லை, பகலில் வேலையும் ஓடவில்லை. சுருக்கமாகவாவது உடனே எழுதுங்கள்.

தங்கள்
சீனித்தாய்


தூத்துக்குடி,
ஐப்பசி மாதம்.

அத்தானுக்கு,

சாமியார் வீட்டுக்குத் தந்தி வந்திருக்கிறது. தேவபிரசாதம் போய்விட்டார் என்று இருக்கிறது. வேறு விவரம் இல்லை.

சாமியார் என்னை முதலில் கூப்பிட்டு அனுப்பினார். தந்தியை என் கையில் கொடுத்தார். நான் முதலில் தேடினது உங்கள் பெயரை. அது அதில் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் என் மனசு என்ன நினைத்தது என்பதை நான் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். அதன் பிறகுதான் அமலோற்பவத்தின் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் வாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் உங்கள் கடிதம் இல்லை, சாமியார் பின்னால் வருகிறார் என்று பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே கையிலிருந்த கருவாட்டைத் தட்டி ஒதுக்கிவிட்டு, கயித்த யாரு பிடிச்சிருந்தா என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். தெரியாதா என்று மறுபடியும் கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்குமாக நடக்கிறேன். ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லுகிறார்கள். கயிற்றை விட்டுவிட்டு ஓடிவிட்டீர்கள் என்று ஒருவன் கடை வாசலிலேயே சொன்னான். மாமா அவனை அடிக்கப் போய், நடுக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். எனக்கு எழுத முடியாவிட்டால் அவளுக்கு எழுதுங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன்.

சீனித்தாய்


தூத்துக்குடி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி வந்த பிறகு நான்கு கடிதம் போட்டும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இனி நீங்கள் எழுத வேண்டியதில்லை. உங்களோடு பம்பில் வேலை செய்கிற நாசரேத்து ஊர்க்காரர் செல்வதுரை லீவில் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து மாமாவின் முன்னால் எல்லாம் சொன்னார். கேட்ட எதுவும் எனக்குள் அடங்கவில்லை. அதனால் உங்களுக்கே திரும்ப எழுதுகிறேன். அவர் சொன்னதில் தப்பு இருந்தால் நேரில் திருத்துங்கள்.

தேவபிரசாதம் சங்கிலியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அடைப்பு மரம் வடிகாலுக்குள் போய்விட்டது. அதுவரை யாரும் இழுக்கிற யந்திரத்தைத் திருப்பவேயில்லை. சுரங்கக் கிணற்றுத் தண்ணீர் ஒரு தடவை சுழன்று, மாடு கத்துவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. கயிறு உங்கள் கையைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நீங்கள் விடவில்லை. அண்ணாச்சி அப்படியே விளிம்பு வரைக்கும் இழுபட்டுப் போயிட்டாரு, நாங்க நாலு பேரு அவரு காலப் பிடிச்சோம், அப்பவும் கயித்த விடல, கயிறுதான் பாறையில தேஞ்சு அந்துபோச்சு என்று செல்வதுரை சொன்னார். மாமா அதைக் கேட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். கயிற்றை விட்டுவிட்டார் என்று சொன்னவனுக்கு இனி நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

மலையடிவாரத்தில் தண்ணீர் நீலமாகப் பொங்கி வந்ததாம். அதோடு வந்த தேவபிரசாதத்தை வயலில் நின்ற சம்சாரிகள்தான் தூக்கியிருக்கிறார்கள். கட்டிலில் கிடத்தி, அந்தத் தண்ணீர் மேலில் இருக்கக் கூடாது என்று நல்ல கிணற்றில் இறைத்துக் கொண்டுவந்து பெண்பிள்ளைகள் குளிப்பாட்டினார்களாம். அவர்களுடைய பயிர் அன்றைக்கே முங்கிவிட்டது. அப்படியிருந்தும் குளிப்பாட்டினார்கள். செல்வதுரை ஜெபம் சொல்லிப் புளியமரத்தின் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார். சுரங்கம் வற்றிவிட்டது. மறு வாரமே கூலியாட்கள் இறங்கி, பச்சைக் கல் கூடை கூடையாக மேலே வருகிறதாம். கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்களாம்.

நீங்கள் இரண்டு கையிலும் கட்டோடு தினமும் வடிகால் வாய்க்குப் போகிறீர்களாம். தண்ணீர் கொண்டுவருகிற பழைய எலும்புகளைப் பொறுக்கி, தேவபிரசாதத்தின் பக்கத்திலேயே புதைக்கிறீர்களாம்.  ஊருக்கு எப்ப போறிய அண்ணாச்சி என்று கேட்டால், எந்த மொகத்தோட போவ என்கிறீர்களாம்.

மாமா உள்ளே போன பிறகு செல்வதுரை இன்னொன்றும் சொன்னார். அன்று காலையில் தேவபிரசாதம் இறங்க மாட்டேன் என்று சுரங்கக் கிணற்றுக் கரையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் பக்கத்தில் போய், இன்னிக்கு ஒரு நாள்தான் மச்சான், சங்கிலிய மாட்டிட்டா நாளைக்கே ரயிலேறிரலாம் என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு எழுந்தார். இதை வீட்டில் சொல்லணுமா வேண்டாமா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் நாசரேத்திலேயே இருந்தேன் மதினி என்றார் செல்வதுரை.

இப்போது எனக்குப் புரிகிறது, நீங்கள் ஏன் எழுதவில்லை என்று.

இரண்டு நாள் நான் அமலோற்பவத்தின் வீட்டுப் பக்கம் போகவில்லை. நீங்கள் கயிற்றை விடவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் பெண்டாட்டியாக அதுதான் செய்ய வேண்டியது என்றும் தோன்றிற்று. மூன்றாம் நாள் போனேன். முதலில் கயிற்றைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முழுங்க முடியவில்லை. மற்றதையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

அவள் மடியில் கிடந்த வலையின் கண்ணை ஒவ்வொன்றாக விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: எங்க அண்ணன் போயிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பான், மதினி. எங்க வீட்டு ஆம்பளைக்கு ஊருக்கு வரணும்னு அவ்வளவு ஆசை இருந்திருக்கும், அதான் எந்திச்சிருப்பாக.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அவள் அதோடு விடவில்லை. ஆனா எங்க அண்ணனா இருந்தா இங்க வந்து எம் முன்னால நின்னு சொல்லியிருப்பான் என்றாள்.

அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அத்தான். 

அவளுக்கு அந்தப் புளியமரத்தைப் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் வெளியே வந்த இடத்தையும் பார்க்க வேண்டுமாம். அவரைக் குளிப்பாட்டின பெண்பிள்ளைகளுக்கு இரண்டு கையாலும் ஏதாவது கொடுக்க வேண்டுமாம். கருவாடு அந்த ஊரில் தின்பார்களா என்று என்னைக் கேட்கிறாள். தனியாக எப்படி விடுவது? நான் கூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். செண்பகத்தை என் தம்பி செந்தூர்பாண்டி வீட்டில் விட்டிருக்கிறேன். செல்வதுரை லீவு முடிந்து வியாழக்கிழமை புறப்படுகிறார். அவரோடு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். இந்தக் கடிதம் எங்களுக்கு முந்தி வந்துவிடும் என்று நம்புகிறேன்.

நாங்கள் வருவது தெரிந்து நீங்கள் வேறெங்காவது போய்விடக் கூடாது. அதற்குத்தான் எழுதுகிறேனா, எழுதாமல் வந்திருக்கலாமா என்று கடைசிவரை எனக்குக் குழப்பம். சொல்லாமல் வந்து நின்று உங்களைத் திகைக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களாக வந்து நிற்க வேண்டும்.

கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்களா? சோறு யார் பிசைந்து தருகிறார்கள்? இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோது கோபம்தான் முந்திக்கொண்டது.

அமலோற்பவம் உங்களைத் திட்டுவாளோ அழுவாளோ, ஒன்றும் சொல்லாமல் நிற்பாளோ, எனக்குத் தெரியாது. நான் அவளிடம் கேட்கவில்லை. ரயில் எந்நேரத்துக்கு வந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்திருங்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

தங்கள்
சீனித்தாய்